சுருக்குப் பையின் வாய் ஏன் கிழிகிறது, கிழியாமல் எப்படித் தைப்பது?

உங்கள் கேள்வியை ஒரு தடவை சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே சிக்கல் உள்ள மற்றவர்களுக்கும் உதவும். வீட்டில் கிடந்த காடாத் துணியிலும் பழைய பேன்ட் துணியிலும் நாடா வைத்த பைகள் தைத்திருக்கிறீர்கள். பருப்பு, வெங்காயம், பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் அவைதான். மூன்று நான்கு மாதத்தில் நாடா வெளியே வரும் இடத்தில் பக்கத் தையல் விட்டுப்போகிறது. சில பைகளில் நாடா உள்ளே போய்விடுகிறது. பேன்ட் துணிப் பை எவ்வளவு இழுத்தாலும் முழுதாக மூடுவதில்லை. நல்ல கெட்டி நாடாவாக வாங்கிப் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. கெட்டி நாடா போட்டால் துணி இன்னும் சீக்கிரம் கிழியும். இருபது வருடத்துக்கு மேல் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். நாடா அறுந்துபோனதால் தூக்கிப்போட்ட பை என்று ஒன்றைக்கூடப் பார்த்த நினைவில்லை. நாடா அறுந்தால் வேறு நாடா கோர்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. பைக்கு எமன், நாடா வெளியே வருகிற அந்த அரை இன்ச் வாய்தான். தைக்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். முதலிலேயே, துணி தட்டையாக மேசைமேல் கிடக்கும்போதே அந்த இடத்தை முடித்துவிட்டால் பை வருடக்கணக்கில் உழைக்கும்.

பையை மூடும்போது என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நாடாவை வெளியே இழுக்கிறோம். வாய்த்துணி முழுவதும் சுருங்கிச் சுருங்கி நாடா வெளிவரும் இடத்தில் வந்து முட்டுகிறது. 12 இன்ச் அகலப் பை என்றால் 24 இன்ச் சுற்றளவுத் துணியும் அந்தச் சின்னத் திறப்பின் விளிம்பில் வந்து நெருக்குகிறது. சாதாரணமாக நாம் பக்கத் தையலை மேலே ஒன்றரை இன்ச் விட்டு நிறுத்துகிறோம், மேல் துணியை மடித்து, உள்ளே நாடா ஓடும்படி பட்டி அடிக்கிறோம், விட்ட திறப்பு வழியாக நாடாவைக் கோர்க்கிறோம். அப்படியானால் இழுக்கிற இழுப்பெல்லாம் பக்கத் தையலின் கடைசித் தையலில் போய் விழும். அது ஒற்றைத் தையல். பலபேர் அந்த இடத்தில் திருப்பித் தைக்காமலே நூலை வெட்டிவிடுகிறார்கள். அந்த ஒன்று விட்டதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று கீழ்நோக்கி ஓடும்.

பேன்ட் பாக்கெட்டின் மூலையைப் பாருங்கள். இரண்டு முனையிலும் நூலை நெருக்கமாகக் குவித்து ஒரு சின்னக் கோடு போல் அடித்திருக்கும். கார்மென்ட்ஸ்காரர்கள் அதைப் பார்டாக் என்பார்கள். எந்தத் திறப்பும் அதன் முனையில்தான் முதலில் கிழியும் என்பது தையல்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையல்காரர் இருந்தார். கூலிவேலை செய்பவர்களின் கால்சட்டைகள் பாக்கெட் மூலையில் கிழிந்துகொண்டே இருந்ததால், அங்கே செம்பு ரிவிட் அடித்துக் கொடுத்தார். அவருக்குத் துணி விற்ற லெவி ஸ்ட்ராஸும் சேர்ந்துகொள்ள, 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் அந்தக் குமிழ் இருக்கிறது. கிழிகிற புள்ளி எது என்று பார்த்து அங்கே கை வைத்தார் அவர். பைக்கும் வழி அதுதான்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு கல்யாணம். பல வருடத்துக்கு முன்பு 150 தாம்பூலப் பை தைத்துக் கொடுத்தேன். மஞ்சள் நிறத்தில் பளபளப்பான செயற்கைப் பட்டு, தங்க நிறத்தில் முறுக்குக் கயிறு, பார்க்க அத்தனை அழகு. உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்னக் கிண்ணம். மண்டப வாசலில் வாங்கியவர்கள் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துத் தூக்க, தேங்காயின் கனம் கீழே இழுக்க, பக்கம் பிளந்தது. பெண்ணின் சித்தி ஒரு பையைக் கொண்டுவந்து ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார். கயிறு புதுசாகவே இருந்தது. தையல் நூலும் அறுந்திருக்கவில்லை. திறப்புக்குக் கீழே, நெடுக்கே ஓடும் பாவு இழைகள் வழுக்கி ஒதுங்கிப்போய், ஊடை இழைகள் மட்டும் ஏணிப்படி போலக் குறுக்கே நின்றன. வழவழப்பான துணியில் தையலுக்கு நான் விட்டிருந்த ஓரம் வெறும் கால் இன்ச். அன்றைக்கு ராத்திரி மிச்சமிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து கற்றுக்கொண்டது.

இப்போது நான் பக்கத் தையலில் திறப்பே விடுவதில்லை. பையின் துணியையே மடித்துப் பட்டி ஆக்காமல், தனியாக இரண்டு பட்டி வெட்டி, பையின் வெளிப்பக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துத் தைக்கிறேன். பட்டி பக்கத் தையலைத் தொடாது. இரண்டு ஓரத்திலும் கால் இன்ச் முன்பே நின்றுவிடும். நாடா முன்பட்டியை விட்டு வெளியே வந்து, பக்கத் தையலுக்கு மேலே அரை இன்ச் தூரம் வெளியே தெரிந்து, பின்பட்டிக்குள் நுழையும். பக்கத் தையல் அடியிலிருந்து வாய்வரை எங்கும் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாகப் போகும். கிழிவதற்கு அங்கே முனையே கிடையாது. இன்னொரு லாபமும் உண்டு. நாலைந்து வருடத்தில் நாடா உரசி உரசிப் பட்டி தேய்ந்தால், அதை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு வேறு பட்டி வைக்கலாம். பை அப்படியே இருக்கும்.

அளவு சொல்கிறேன். தைத்து முடிந்தபின் 12 இன்ச் அகலம், 15 இன்ச் உயரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துணியை 13 இன்ச் அகலம், 33 இன்ச் நீளமாக ஒரே துண்டாக வெட்டுங்கள். நடுவில் மடித்தால் அந்த மடிப்பே பையின் அடி. அடியில் தையல் இல்லாததால் அங்கேயும் விடுவதற்கு ஒன்றுமில்லை. அகலத்தில் பக்கத்துக்கு அரை இன்ச் தையலுக்குப் போகும். நீளத்தில் இரண்டு முனையிலும் ஒன்றரை இன்ச் வாய் மடிப்புக்குப் போகும். அதாவது முதலில் அரை இன்ச் மடித்து, மறுபடி ஒரு இன்ச் மடித்து ஓரம் அடிப்பது. துணியில் பூவோ மயிலோ ஒரே திசையில் பார்த்தபடி இருந்தால் மட்டும் இப்படி ஒற்றைத் துண்டாக வெட்டாதீர்கள், பின்பக்கம் தலைகீழாகிவிடும்.

பட்டிக்கு 12½ இன்ச் நீளம், 1¾ இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு. நீளம் துணியின் கரை ஓடும் திசையில் இருக்கட்டும், பாவு வாட்டத்தில் வெட்டிய பட்டி இழுத்தால் நீளாது. இரண்டு குறுக்கு முனையையும் கால் இன்ச், மறுபடி கால் இன்ச் மடித்து முதலில் தைத்துவிடுங்கள். நாடா நுழையும் வாய் அதுதான், அங்கே பிசிறு இருந்தால் ஊக்கு மாட்டும், நாடாவும் நூல் நூலாகப் பிரிந்துவரும். பிறகு நீளவாட்டில் இரண்டு ஓரத்தையும் கால் இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். இப்போது 11½ இன்ச் நீளம், 1¼ இன்ச் அகலத்தில் ஒரு சுத்தமான பட்டி கையில் இருக்கும். பையின் வாய் ஓரத்திலிருந்து ஒன்றே கால் இன்ச் கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பட்டியின் மேல் ஓரத்தை அந்தக் கோட்டில் வையுங்கள். இரண்டு பக்கமும் வெட்டிய ஓரத்திலிருந்து முக்கால் இன்ச் தள்ளி இருக்க வேண்டும். பக்கத் தையல் அரை இன்ச்சைத் தின்றதும் கால் இன்ச் மிஞ்சும்.

பட்டியின் கீழ் ஓரத்தில் ஒரு வரி தைத்தால் போதும். மேல் ஓரத்தில் இரண்டு வரி போடுங்கள், ஓரத்திலிருந்து ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், தள்ளி ஒன்று, இரண்டு நூல் தள்ளி ஒன்று. பையை நாடாவைப் பிடித்துத் தூக்கும்போது கனம் கீழே இழுக்கும், நாடா பட்டிக்குள் மேலேறிப் போய் மேல் வரியில்தான் முட்டும். பலர் கீழ் வரியை மட்டும் இரட்டையாகத் தைத்துவிட்டு மேலே அப்படியே விட்டுவிடுகிறார்கள். பட்டியின் நான்கு மூலையிலும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டுங்கள். வீட்டு மெஷினில் பார்டாக்குக்கு அதுதான் ஈடு.

பக்கத்துக்கு, பிசிறு வெளியே தெரியாதபடி இரண்டு தடவை தைக்கும் பிரெஞ்ச் தையல் நல்லது. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, கால் இன்ச்சில் தையுங்கள். பிசிறை ஒரு நூல் அளவுக்கு வெட்டிவிட்டு, பையைத் திருப்பி, நல்ல பக்கம் உள்ளே போனபின் மறுபடி கால் இன்ச்சில் தையுங்கள். பிசிறெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். பருப்பில் நூல் விழாது, துவைக்கத் துவைக்க ஓரம் பிரியாது. வாய்ப் பக்கம் வந்ததும் அரை இன்ச் தூரத்துக்கு மூன்று தடவை திருப்பித் தைத்து முடியுங்கள். பேன்ட் துணியில் இது தடித்துப் போய் ஊசி உடையும். அதற்குச் சாதாரணத் தையலை இரண்டு வரியாகப் போட்டு, ஓரத்தை ஓவர்லாக் செய்தால் போதும்.

தையலை ரொம்பப் பொடியாக வைத்தால் கெட்டி என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் உண்டு. இன்ச்சுக்குப் பதினெட்டு இருபது என்று குத்தினால் துணி தபால்தலை ஓரம் போல ஆகிவிடும், ஒரு இழுப்பில் கோட்டோடு கிழியும். இன்ச்சுக்குப் பத்து, அதிகம் போனால் பன்னிரண்டு. காடாவுக்கு 14 நம்பர் ஊசி, ஜீன்ஸ் துணிக்கு 16. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பெட்டியில் பல வருடமாகக் கிடந்த பழைய பருத்தி நூலை எடுக்கும் முன், இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் அது பைக்கு வேண்டாம். நைலான் நூலும் வேண்டாம், அது சுலபத்தில் அறுபடாது, ஆனால் இழுப்பு விழும்போது மெல்லிய பருத்தித் துணியை அறுத்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. காடாவைக் கடையிலிருந்து வந்தபடியே வெட்டாதீர்கள். கஞ்சியோடு இருக்கும், முதல் சலவையில் சுருங்கும். பை சுருங்கி நாடா சுருங்காவிட்டாலும், நாடா சுருங்கிப் பை சுருங்காவிட்டாலும் வாய் கோணிக்கொள்ளும். துணி, பட்டி, நாடா மூன்றையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டபின் கத்தரியை எடுங்கள்.

இனி நாடா. என் அனுபவத்தில் உள்பாவாடைக்குப் போடும் பருத்தி நாடாதான் முதலிடம். தட்டையாக இருப்பதால் பட்டிக்குள் புரளாமல் ஓடும், விளிம்பை உரசித் தின்னாது, முடிச்சு நிற்கும். உருண்டைக் கயிறு வேண்டுமென்றால் பின்னிய பருத்திக் கயிறு வாங்குங்கள். முறுக்குக் கயிறு இழுக்க இழுக்க முறுக்கு அவிழ்ந்து ஒரு பக்கம் தடிக்கும். நைலான் கயிறு வழுக்கும், பையை மூடிவிட்டுக் கையை எடுத்தால் தானாகத் திறந்துகொள்ளும். சணல் கயிறு பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் முரட்டு நார் பட்டியின் உட்பக்கத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கும். வீட்டுத் துணியிலேயே நாடா செய்யலாம். ஒன்றரை இன்ச் அகலத்தில் நேர்வாட்டமாகக் கிழித்து, நாலாக மடித்து ஓரத்தில் ஒரு தையல் போட்டால் முக்கால் இன்ச்சில் பாதி அகலத்துக்கு நல்ல நாடா வரும். கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டினால் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போகும்.

நாடா எவ்வளவு அகலமோ அதைப்போல ஒன்றரை மடங்காவது பட்டியின் உள்வழி இருக்க வேண்டும். நான் சொன்ன அளவில் உள்வழி முக்கால் இன்ச்சுக்குச் சற்று மேலே வரும், மெல்லிய நாடா இரண்டு தாராளமாகப் போகும். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றை நாடா ஒரே பக்கம் இழுப்பதால் இழுப்பு முழுவதும் ஒரே இடத்தில் விழும், வாயும் கோணலாக மூடும். இரண்டு நாடா எதிரெதிர்ப் பக்கமாக இழுக்கும்போது சுருக்கம் சமமாகப் பரவும், ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால் முடிச்சுப் போடாமலே பை மூடி நிற்கும். ஒவ்வொரு நாடாவும் பையைச் சுற்றி முழுச் சுற்று வரவேண்டும். அகலத்தைப்போல இரண்டு மடங்கு, அதோடு பத்து இன்ச். 12 இன்ச் பைக்கு 34 இன்ச்சில் இரண்டு.

முதல் நாடாவின் முனையில் ஊக்கைக் குத்தி, வலது பக்கத்திலிருந்து முன்பட்டிக்குள் விடுங்கள். இடது பக்கம் வெளியே வந்ததும் பின்பட்டிக்குள் திருப்பி, வலது பக்கமே கொண்டுவந்து இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நாடா இடது பக்கத்தில் நுழைந்து இடது பக்கமே வரவேண்டும். ஊக்கின் வாய்ப் பக்கம் பின்னால் இருக்கும்படி தள்ளினால் நடுவழியில் திறந்துகொள்ளாது. முதல் நாடாவைத் துணியோடு குத்திவிடாமல் இருக்க, இரண்டாவதைக் கோர்க்கும்போது பட்டியைக் கொஞ்சம் ஒளியில் தூக்கிப் பிடித்து, ஊக்கின் தலை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுங்கள்.

நாடா உள்ளே போய்விடுகிறது என்றீர்களே, அதற்கு நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வைத்தியமே இருக்கிறது. உள்பாவாடை நாடாவின் நடுப்பகுதியைப் பின்பக்கப் பட்டியோடு சேர்த்து ஒரு தையல் போட்டுவிடுவார்கள். பிறகு எத்தனை தடவை துவைத்தாலும் நாடா ஓடாது. பையிலும் அப்படியே. வலது பக்கம் முடிச்சுள்ள நாடா, இடது பக்கத் தையலுக்கு மேலே வெளியே தெரிகிற அந்த அரை இன்ச் இடத்தில், நாடாவைப் பக்கத் தையலோடு சேர்த்துக் கையால் நாலு குத்துப் போடுங்கள். மற்ற நாடாவுக்கு எதிர்ப்பக்கம். துணி நாடாமேல் நகர்வதற்கு இது தடையாக இருக்காது. முனையில் போடும் முடிச்சுக்குள்ளும் ஊசியை ஓட்டி இரண்டு தையல் போட்டால் முடிச்சு அவிழாது.

முனைக்குக் குஞ்சம் வைப்பது அழகுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அப்பத்தா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பிரித்துப் பார்த்தபோது அதற்கும் ஒரு வேலை இருப்பது தெரிந்தது. வெற்றிலை ஒரு அறையில், பாக்கு ஒன்றில், சில்லறை ஒன்றில், எல்லாம் ரவிக்கை வெட்டுத்துணி ஒட்டுப்போட்டுக் கையால் தைத்தது. நாடாவின் இரண்டு முனையிலும் துணியைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருட்டி, மேலே நூல் குஞ்சம் கட்டியிருந்தார். நாடா உள்ளே போகப் பார்த்தால் அந்தச் சுண்டைக்காய் வாயில் வந்து நின்றுவிடும். இருட்டில் தடவினாலும் கைக்கு அகப்படும். அதைவிட என்னை நிறுத்திப் பார்க்கவைத்தது நாடா வரும் துளை. பட்டியின் மேலடுக்கில் சின்ன வெட்டு, அதைச் சுற்றிக் காஜா தையல், ஒவ்வொரு தையலின் முடிச்சும் விளிம்பிலேயே, ஒன்றை ஒன்று தொட்டபடி. துணி வெளுத்து, இழை தெரிகிற அளவுக்கு நைந்துவிட்டது. அந்தத் துளையின் ஓரம் மட்டும் கயிறு போலத் திண்மையாக இருந்தது. விசேஷமாக மெஷின் எதுவும் வேண்டியதில்லை, கையால் தைப்பவர்களும் பல வருடம் நிற்கிற வாய் தைக்கலாம் என்பதற்கு அந்தப் பையைத்தான் இன்றும் வகுப்பில் சொல்கிறேன்.

சின்னப் பைக்கு, அதாவது நகை, சில்லறை, மருந்து வைக்கும் அளவுக்கு, நீங்களும் அப்படிக் காஜா எடுக்கலாம். பட்டியை மடிப்பதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது, காஜா வரும் இடத்தின் பின்னால் ஒரு இன்ச் சதுரத் துண்டுத் துணியை ஒட்டுப் போல வைத்துத் தைத்துவிட்டு, பிறகு காஜா. ஒற்றைத் துணியில் எடுத்த காஜா முழுசாகப் பெயர்ந்து வரும். பக்கத் தையலில் திறப்பு விட்டே தைக்க வேண்டும் என்றால், ஓரத்துக்கு முக்கால் இன்ச் விடுங்கள். திறப்பின் இரண்டு விளிம்பையும் விரித்து மடித்துச் சுற்றித் தையுங்கள். திறப்புக்கு அடியில் குறுக்கே ஒரு ஒட்டுத்துணி வைத்து, பக்கத் தையலைத் தாண்டி இந்தப் பக்கம் கால் இன்ச், அந்தப் பக்கம் கால் இன்ச் ஐந்தாறு தடவை ஓட்டுங்கள். மெல்லிய பைக்கு அது போதும். உலோக வளையம் அடிக்கும் ஐலெட்டை நான் பருத்திப் பைக்குச் சிபாரிசு செய்வதில்லை. மெல்லிய துணியில் அதன் பிடி நாலு சலவையில் தளர்ந்துவிடும், இரும்பு வளையமாக இருந்தால் துருக்கறையும் பிடிக்கும்.

பேன்ட் துணிப் பை மூடாததற்குக் காரணம் எளிது. அந்தத் துணியையே மடித்துப் பட்டி அடிக்கும்போது வாயில் மூன்று அடுக்கு சேர்கிறது. அத்தனை தடிமனும் ஒரு நாணய அகலத்துக்குள் சுருங்க இடம் இல்லை. எவ்வளவு பலமாக இழுத்தாலும் நடுவில் எலுமிச்சம்பழம் நுழையும் ஓட்டை நிற்கும், இழுத்த பலமெல்லாம் தையலைத்தான் பிரிக்கும். பட்டியை மட்டும் பாப்ளின் மாதிரி மெல்லிய துணியில் வைத்தால் ஓரளவு சரியாகும். முழுதாகச் சரியாக, உடம்புக்கு மட்டும் பேன்ட் துணியை வைத்துக்கொண்டு, மேலே ஐந்து இன்ச்சுக்கு மெல்லிய துணியைச் சேர்த்து, பட்டியை அந்த மெல்லிய துணியில் தையுங்கள். பழைய பருத்திச் சேலையின் கரை இதற்கு ரொம்ப நல்லது. நெய்யும்போதே ஓரம் கட்டியிருப்பதால் ஒரு பக்கம் மடிக்கக்கூட வேண்டாம். ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம், நாடாவைப் பிறாண்டும். பழைய வேட்டியை எடுப்பதாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் குறுக்கே தள்ளிப் பாருங்கள். இழை விலகினால் அது துடைக்கத்தான் உதவும்.

பட்டிக்கு மேலே ஒன்றே கால் இன்ச் துணி விடச் சொன்னேன் அல்லவா, அதைக் குறைக்காதீர்கள். சுருக்கியபின் அந்தத் துணி பூ மாதிரி விரிந்து, நடுவில் மிஞ்சும் சின்ன ஓட்டையையும் மறைத்துவிடும். ஆனாலும் இது காற்றுப்புகாத மூடி இல்லை. பருப்பில் வண்டு வருவதை நாடா தடுக்காது. மாதக்கணக்கில் வைக்கும் தானியத்துக்கு டப்பாதான் சரி.

கனம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோவுக்கு மேல் என்றால் நாடாவைக் கைப்பிடியாக நினைக்காதீர்கள். நாடா மூடுவதற்கு மட்டும். தூக்குவதற்குத் தனியாக இரண்டு பட்டைக் கைப்பிடி வையுங்கள், அதைப் பட்டிக்குக் கீழே, பையின் உடம்பில், சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தையுங்கள். முதுகில் மாட்டும் பை என்றால் கனம் முழுவதும் கயிற்றில்தான் இருக்கும். அடியில் இரண்டு மூலையிலும் பட்டை நாடாவை மடித்து வளையமாகப் பக்கத் தையலுக்குள் வைத்துத் தைத்து, கயிற்றை அதில் கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரிப் பை கொடுக்காதீர்கள், நீளக் கயிறு கழுத்தில் மாட்டும்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அதன்பிறகு துணிப்பை தைத்துப் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிற பெண்கள் கூடியிருக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில் கிழிகிற துணிப்பையால் யாருக்கும் பயனில்லை. விளைவித்த பருத்தி, நூற்ற கை, நெய்த கை எல்லாம் வீண். கிழிந்த பையை ஒரு தடவை பார்த்தவர் அடுத்த தடவை கடைக்காரரிடம் கவர் கேட்பார்.

கடைசியாக, உங்களிடம் ஏற்கெனவே கிழிந்து கிடக்கும் பைகள். தூக்கிப்போட வேண்டாம். நாடாவை உருவிவிட்டு, பழைய பட்டியை அப்படியே விடுங்கள். பக்கத்தில் விட்டுப்போன தையலை உள்பக்கமிருந்து, கிழிசலுக்கு ஒரு இன்ச் கீழேயிருந்து தொடங்கி வாய்வரை மூடித் தையுங்கள், பழைய திறப்பும் சேர்ந்து மூடிக்கொள்ளும். துணியே கிழிந்திருந்தால் உள்ளே ஒரு ஒட்டுப் போடுங்கள். பிறகு பழைய பட்டிக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், முன்பு சொன்ன மாதிரி இரண்டு புதுப் பட்டி. பை தைத்து முடிந்திருப்பதால் மெஷினின் கைக்குள் வாயை நுழைத்துத் தைக்கச் சிரமமாக இருக்கும். அப்படியானால் கையாலேயே தைத்துவிடுங்கள். நூலை இரட்டையாக எடுத்து, மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு தடவை இழுத்தால் சிக்காது. வெறும் ஓட்டுத்தையல் வேண்டாம். ஒரு தையல் முன்னால் போய் அரைத் தையல் பின்னால் வருகிற பின்தையலாகப் போடுங்கள். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒரு பைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் அந்தப் பேன்ட் துணிப் பையை எடுக்காதீர்கள், காடாப் பை ஒன்றில் கைப்பழக்கம் வந்ததும் அதைப் பாருங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் பட்டியின் அளவையும் நாடாவின் அகலத்தையும் எழுதிக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.